ஆம்னி ஸ்பீக்கரை எங்கே வைத்தாலும் ஒன்றா?

ஆம்னி, அதாவது எல்லாப் பக்கமும் ஒலி பரப்பும் 360 டிகிரி ஸ்பீக்கருக்கு இடம் பார்க்கவே வேண்டாம், குன்னூர், கோத்தகிரி வீடுகளின் சின்ன ஹாலில் மூலையில் வைத்தாலும் ஒரே மாதிரிதான் கேட்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். பாதி சரி. நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) அவ்வளவாகக் குறையாது. ஆனால் ஸ்பீக்கரின் இடம் வேறு விஷயம். முன்பக்கம் பார்த்து ஒலிக்கும் வழக்கமான பெட்டி ஸ்பீக்கரைவிட இதற்குத்தான் சுவர் தூரம் முக்கியம்.

பெட்டி ஸ்பீக்கரில் பின்னால் போவது பெரும்பாலும் பாஸ் (கனத்த கீழ் ஒலி). ஆம்னியில் குரல், வயலின், ஜால்ரா எல்லாமே பின்சுவருக்கும் போய்த் திரும்பும். சுவர் 30 செ.மீ.யில் இருந்தால் எதிரொலி சுமார் 1.7 மில்லி செகண்ட் பிந்தி வந்து நேரொலியோடு கலக்கும். இரண்டும் ஒன்றையொன்று அமுக்குவதால் 290 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி குறைந்து ஒரு பள்ளம், அடுத்து 860, 1430 என்று வரிசையாக. குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆவது இதனால்தான். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால் தாமதம் 6 மில்லி செகண்டை நெருங்கும், அந்த டப்பாத்தனம் பெருமளவு போய்விடும்.

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிங்க் நாய்ஸ் (கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை எல்லாம் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு நீங்கள் உட்கார்ந்திருங்கள். வீட்டில் யாராவது அதை மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்த்தட்டும். 'ஷ்ஷ்' என்ற சத்தத்தின் தன்மை வழுக்கிக்கொண்டே மாறும். (பாட்டு போட்டால் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.) பிறகு பின்சுவரில் கனமான கம்பளி ஒன்றைத் தொங்கவிடுங்கள், மலையில் அதற்கா பஞ்சம்! மேல் பள்ளங்கள் மட்டுப்படும். 290 மட்டும் அசையாது, அதற்குத் தூரம்தான் வழி.