அம்மாவின் பிஸ்கட் டின்

போன ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டாள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். இடுப்பு தப்பித்தது. அவளுக்கு வயது 78, விருதுநகரில் இருக்கிறாள், நான் சென்னையில். கீழ்வீட்டு அக்கா போன் செய்தபோது எனக்குத் தோன்றியதெல்லாம் தரை வழுக்கியிருக்கும், லைட் போடாமல் போயிருப்பாள் என்பதுதான். ஊருக்குப் போய் முதல் வேலையாக வழுக்காத மேட் வாங்கிப் போட்டேன். சுவரில் பிடித்து நடக்கக் கம்பி அடித்தேன். மகன் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

எலும்பு டாக்டர் கட்டுப் போட்டார், சீட்டு எழுதினார். வலிக்கு ஒன்று, அதனால் வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று, கால்சியம் ஒன்று, வாரம் ஒருமுறை பாலில் கலக்கிக் குடிக்க டி3 பொடிப் பாக்கெட் ஒன்று. வீட்டுக்கு வந்து அதையெல்லாம் அம்மாவின் மாத்திரை டின்னில் வைக்கப் போனேன். பழைய பிஸ்கட் டின் அது. மூடி மூடவில்லை. உள்ளே ஏற்கெனவே ஒன்பது வகை இருந்தது.

தரையில் பாய் விரித்து எல்லா அட்டைகளையும் பரப்பி வைத்தேன். அம்மாவுக்கு எந்த மாத்திரைக்கும் பெயர் தெரியாது. ரோஸ் மாத்திரை, பாதி மாத்திரை, கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை, "ரத்தம் இளக்குறது". ஒவ்வொன்றாகக் கூகுளில் போட்டுப் பார்த்தேன். பிரஷருக்கு அம்லோடிபைன், டெல்மிசார்டன். கால் வீக்கத்துக்கு ஃப்ரூசமைடு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. அப்புறம் ரத்தம் இளக ஆஸ்பிரின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், தூக்கத்துக்கு அல்பிரஸோலம், கேஸுக்குப் பான்டோபிரஸோல். எலும்பு டாக்டர் எழுதிய வயிற்று மாத்திரையும் அதே பான்டோபிரஸோல்தான், வேறு கம்பெனி, வேறு பெயர், வேறு நிறம். அம்மா இரண்டையும் காலையில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தாள். மொத்தம் 13.

இந்தப் பதிமூன்றையும் எழுதியவர்கள் நான்கு டாக்டர்கள். நாலு பேரும் நல்லவர்கள்தான். யாரும் காசுக்காக எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவரவர் பார்த்த உறுப்புக்கு அவரவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். டின்னை முழுசாகத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்த பிறகு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துவந்து முதியோர் மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். டின்னோடு வரச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி மணிக்கட்டைப் பற்றியே இல்லை. "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்கம்மா?" நாலு தடவை என்றாள் அம்மா. "கால் வீக்கத்துக்கு மாத்திரை எப்பப் போடுறீங்க?" சாயங்காலம் டிபன் சாப்பிட்டுவிட்டு. "தூக்க மாத்திரை?" ஒன்பது மணிக்கு. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஒரு மாத்திரை அவளைத் தூங்கவைக்கிறது, இன்னொரு மாத்திரை அந்த மயக்கத்திலேயே அவளை எழுப்பி நடக்கவைக்கிறது. நான் தரையில் மேட் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, கால் ஏன் வீங்கியது? இதயமா, சிறுநீரகமா? இரண்டும் நன்றாக இருந்தன. வீங்கவைத்தது அம்லோடிபைன். கணுக்கால் வீக்கம் அந்த மருந்தின் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. அதைப் புது நோய் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்துவிட்டார். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மூன்றாவது என்று போகும் இந்தச் சங்கிலிக்கு 1990களிலேயே பவுலா ரோச்சன், ஜெரி குர்விட்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு நடந்த இதே சங்கிலியைக் கனடாவின் ஒன்டாரியோவில் ஆயிரக்கணக்கான முதியவர்களின் மருந்துப் பதிவுகளை வைத்துப் பார்த்து 2020இல் ஓர் ஆய்வுக்குழு வெளியிட்டது. அம்லோடிபைன் வகை மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் நீர் மாத்திரை சேர்க்கப்படுவது, வேறு வகை பிரஷர் மருந்து தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒன்டாரியோவிலேயே இந்தக் கதை என்றால் விருதுநகரை என்ன சொல்ல.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவன். ஆனால் ஒன்று மனதில் பதிந்துவிட்டது. முதியோர் மருத்துவ ஆராய்ச்சி என்றால் புதுசு புதுசாக மருந்து கண்டுபிடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். கடந்த பதினைந்து இருபது வருஷத்தில் வந்த முக்கியமான ஆய்வுகளில் பல, எதை எடுத்துவிடலாம் என்று கேட்பவை.

ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மாரடைப்பு வந்ததில்லை, ஸ்டென்ட் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ "எதுக்கும் இருக்கட்டும்" என்று எழுதியது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத 19,114 முதியவர்களை வைத்து ஆஸ்ப்ரீ என்ற ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப்பேருக்கு வெறும் மாவு மாத்திரை. 2018இல் முடிவு வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்கள் முடங்காமல் வாழ்ந்த காலம் கூடவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் கூடியது. "எதுக்கும் இருக்கட்டும்" என்ற மாத்திரையின் விலை அது. (மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். அது முற்றிலும் வேறு கணக்கு.)

சர்க்கரை விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. அம்மாவின் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. "இந்த வயசுல என்ன கன்ட்ரோல் பாருங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வோம். டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் சுளித்தார். சனிக்கிழமை விரதம் இருப்பீர்களா என்று அம்மாவிடம் கேட்டார். இருப்பாள். புரட்டாசி என்றால் கூடுதல் கண்டிப்பு. அன்றைக்கு மத்தியானம் வேர்த்துக்கொட்டி, கை நடுங்கி, படபடவென்று வரும். அதைப் பசி மயக்கம் என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தோம். பெருமாளுக்காகத் தாங்கிக்கொண்டிருந்தாள். அது கிளிமிபிரைடு சர்க்கரையைக் கீழே இழுத்ததில் வந்த நடுக்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த அக்கார்டு ஆய்வில், அந்த அளவை 6க்குக் கீழே கொண்டுபோக முயன்ற குழுவில் இறப்பு கூடியதால் 2008இல் அந்தச் சிகிச்சைமுறையையே பாதியில் நிறுத்தினார்கள். பல நோய்களோடு இருக்கும் முதியவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல். நாம் இன்னும் ஆறுக்கும் ஏழுக்கும் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

டி3 பொடியும் அப்படித்தான். நம்மூரில் யார் கால் வலி என்றாலும் அந்தப் பாக்கெட்டை நீட்டுகிறார்கள். ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். சூரிக்கில் ஏற்கெனவே ஒருமுறை விழுந்த, 70 வயது தாண்டிய 200 பேருக்கு ஒரு வருஷம் மாதாமாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 24,000 யூனிட் வாங்கியவர்களில் 48 சதவீதம் பேர் அந்த வருஷத்தில் விழுந்தார்கள். 60,000 வாங்கியவர்களில் 67 சதவீதம் பேர். நன்றாகக் கவனியுங்கள், அது மாதம் ஒன்று. அம்மாவுக்கு எழுதியிருந்தது வாரம் ஒன்று, ரத்தத்தில் அளவு பார்க்காமலே. குறைபாடு நிஜமாக இருந்தால் சில வாரம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. பார்க்காமல் கொடுப்பதில் என்ன நியாயம்?

இந்த மாதிரி மருந்துகளை ஒரே பட்டியலாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். மார்க் பியர்ஸ் என்ற டாக்டர் 1991இல் முதியோர் இல்லங்களுக்காகத் தொடங்கியது. இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, 2023இல் ஒரு பதிப்பு வந்தது. அல்பிரஸோலம், கிளிமிபிரைடு, நோயில்லாதவருக்கு ஆஸ்பிரின், எட்டு வாரத்துக்கு மேல் கேஸ் மாத்திரை என்று நான் படிக்கப் படிக்க அம்மாவின் டின்னை யாரோ எட்டிப் பார்த்து எழுதினமாதிரி இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் பாவம். "வயசானவங்களுக்கு எதுக்கு மருந்து" என்று இந்தப் பதிவை யாராவது புரிந்துகொண்டால் அது தலைகீழ். 80 தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தத்தை இறக்கினால் கெடுதல் என்று ஒரு காலத்தில் பல டாக்டர்களே பயந்தார்கள். 3,845 பேரை வைத்து நடந்த ஹைவெட் ஆய்வு 2008இல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள் குறைவாகவே இறந்தார்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்துவிட்டார்கள். அதனால்தான் அம்மாவின் டாக்டர் பிரஷர் மாத்திரை இரண்டில் எதையும் எடுக்கவில்லை. அம்லோடிபைனை 2.5 ஆகக் குறைத்தார், அவ்வளவே. வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்தது, நீர் மாத்திரை போனது. கிளிமிபிரைடு, ஆஸ்பிரின், வலி மாத்திரை, டி3 போயின. வலி மாத்திரை நின்றதும் அதற்காக வந்த வயிற்று மாத்திரையும் போனது, பழைய வயிற்று மாத்திரை பிறகு போனது. எல்லாம் ஒரே நாளில் இல்லை. ஒவ்வொன்றாக, இடையில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு, நான்கு மாதம் ஆனது. நீங்களாக வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை இது.

போகும்போது ஒரு பயிற்சியும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து தடவை, காலையும் மாலையும். அம்மாவுக்கு ஏமாற்றம். "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" ஆனால் 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் வருஷத்து காக்ரேன் தொகுப்பு, உடற்பயிற்சியால் விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. அந்தப் பாக்கெட் பொடியால் முடியாதது இது.

என் கோபம் டாக்டர்கள்மேல் கொஞ்சம்தான். அம்மா மாதிரிப் பெண்களுக்கு மாத்திரை என்பது கவனிப்பின் அடையாளம். சீட்டில் நாலு வரி எழுதாத டாக்டர் "ஒண்ணுமே பாக்கல". பிள்ளைகளும் அப்படித்தான். நேரில் வந்து இருக்க முடியாத குற்றவுணர்வை மாதம் மூவாயிரம் ரூபாய் மருந்து பில்லாகக் கட்டுகிறோம். நானும் கட்டினேன். ஆஸ்பிரினை நிறுத்திய அன்று என் அக்கா போன் செய்து கேட்டது, "செலவைக் குறைக்கப் பாக்கிறியா?"

இத்தனைக்கும் நம்மிடம் இதற்கான படிப்பு இல்லாமல் இல்லை. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்குத் தனிப் புறநோயாளர் பிரிவை 1978இலேயே தொடங்கினார். இப்போது கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, 2024இல் திறந்தார்கள். சந்தோஷம். ஆனால் தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 2021 கணிப்பில் 13.6 சதவீதம், 2031இல் 18.2 ஆகப்போகிறார்கள். எல்லோரும் டின்னைத் தூக்கிக்கொண்டு கிண்டிக்கு வர முடியுமா?

வர வேண்டியதில்லை என்பது என் கட்சி. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தப் பெண்கள் படியேறி வரும்போது டின்னைத் திறந்து, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு தாளில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கொடுத்தால் போதும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதைக் கண்டுபிடிக்க எம்.டி. படிப்பு வேண்டாம். கனடாவின் கியூபெக்கில் தூக்க மாத்திரைக்குப் பழகிப்போன முதியவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினார்கள். அந்த மாத்திரை என்ன செய்யும், படிப்படியாக எப்படிக் குறைப்பது, அவ்வளவுதான் அதில். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் விட்டுவிட்டார்கள். புத்தகம் போகாதவர்களில் 5 சதவீதம். 2014இல் வந்த ஆய்வு. டின்னைத் திறந்து பார்ப்பது மாத்திரை கொடுப்பதைவிடக் குறைந்த வேலையாக ஏன் நினைக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மாவின் டின் இப்போது மூடுகிறது. பதிமூன்று ஆறாகியிருக்கிறது. ராத்திரி ஒரு தடவை எழுந்திருக்கிறாள். விரதத்தன்று படபடப்பு இல்லை. தூக்க மாத்திரைதான் இன்னும் முழுசாக விடவில்லை. முழுசு அரையாகி, அரை காலாகி நிற்கிறது. சட்டென்று நிறுத்தினால் தூக்கமே போய்விடும், வேறு தொந்தரவும் வரும் என்று டாக்டர் மெதுவாகவே இறக்கச் சொல்லியிருக்கிறார். அந்தத் துக்கடா மாத்திரையைக் காலாக வெட்ட மெடிக்கலில் கட்டர் வாங்கிக் கொடுத்தேன். அது சரிப்படாது என்று காய் நறுக்கும் கத்தியால்தான் வெட்டுகிறாள். சில நாள் கால் கொஞ்சம் பெரிசாக விழுகிறது, "அது என் கையில இல்ல" என்கிறாள்.