மாலை நாலரை மணிக்கு நிருபர் போன் செய்தால்

கோவை, திருப்பூர் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம் பத்திரிகைக்காரர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னால், முதலில் ஒரு ஹோட்டல் ஹாலைப் பிடித்து பிரஸ் மீட் வைக்கிறார்கள். குத்துவிளக்கு, சால்வை, மதியச் சாப்பாடு, கிளம்பும்போது கையில் ஒரு பை. மறுநாள் ஒன்றிரண்டு பத்திரிகையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் வருகிறது. அதில் நம் கடையின் பெயரைவிட விளக்கேற்றிய வி.ஐ.பி.யின் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

நிருபருக்கு வேண்டியது சாப்பாடு இல்லை. நாலரை மணிக்குப் போன் செய்தால் எடுத்து, சரியான ஒரு எண்ணைச் சொல்கிற ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதுதான் பழக்கம். மற்றதெல்லாம் அறிமுகம், அவ்வளவே.

ஓர் உதாரணம். 2022 ஜூலை 18 முதல் வெட் கிரைண்டருக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனது. புவிசார் குறியீடு வாங்கிய கோவை கிரைண்டர் என்பதால் இது நம் ஊருக்கு முதல் பக்கச் செய்தி. ‘தொழில் நசிந்துவிடும், மறுபரிசீலனை செய்ய வேண்டும்’ என்ற கண்டனம் இந்த மாதிரி நேரத்தில் எல்லாச் சங்கத்திடமிருந்தும் வரும். நிருபர் அதை மாற்றி மாற்றி எழுதியே அலுத்திருப்பார். ‘வரிக்கு முன் 5,000 ரூபாய் விலையுள்ள கிரைண்டருக்கு இதுவரை வரி 250 ரூபாய், இனி 900 ரூபாய். வாங்குகிறவர் கையிலிருந்து 650 ரூபாய் கூடுதலாகப் போகும்’ என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற உற்பத்தியாளர் கிடைத்தால், செய்தியே அந்தக் கணக்கில்தான் தொடங்கும். அவர் பெயரும் கம்பெனி பெயரும் செய்திக்குள் இயல்பாக வரும். அடுத்த முறை கிரைண்டர், மோட்டார், கல் என்று எது வந்தாலும் முதல் போன் அவருக்குத்தான்.

இந்த வாய்ப்புகளில் பாதி முன்கூட்டியே தெரிந்தவை. மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1, காலை 11 மணிக்கு. ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத் தேதி முன்பே வந்துவிடும். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்ததுகூட, மூன்று வாரம் முன்பே அறிவிக்கப்பட்ட தேதி. அப்படிப்பட்ட நாளில் உங்கள் தொழிலில் மட்டும் என்ன மாறுகிறது என்று நான்கு வரி எழுதி, பெயர், பொறுப்பு, ஒரு பாஸ்போர்ட் படம் சேர்த்து மதியம் இரண்டு மணிக்குள் அனுப்புங்கள். ஏழு மணிக்கு அனுப்பும் அருமையான கட்டுரையைவிட இரண்டு மணிக்கு வரும் நான்கு வரிக்கு மதிப்பு அதிகம். மாவட்டப் பக்கங்கள் முதலில் முடிக்கப்படுபவை. மாலைக்குப் பிறகு டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்திப் பக்கம் போடும் பிரிவில், இருப்பவருக்கு உங்கள் மெயிலைத் திறக்க நேரம் இருக்காது.

நேரம் தெரியாமல் கெடுகிற பழக்கங்கள் நிறைய. காலை பத்தரை, பதினொன்று வாக்கில் பேசுங்கள். அன்றைக்கு என்ன செய்தி என்று நிருபர் பட்டியல் போடும் நேரம் அது. மூன்றிலிருந்து ஏழு வரை அவர் எழுதிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் ‘நம்ம நியூஸ் வருமா சார்?’ என்று கேட்கவே கேட்காதீர்கள். வருமா என்பது அவர் கையிலும் இல்லை. ஓர் அரைப்பக்க விளம்பரம் கடைசி நேரத்தில் வந்தால் அவர் எழுதிய செய்தியும் போய்விடும். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை கலெக்டர் ஆபீஸ், கோர்ட், கார்ப்பரேஷன் எல்லாம் விடுமுறை. திங்கள்கிழமை பேப்பருக்குச் செய்தி தேடித் திண்டாடுவார்கள். அவசரமில்லாத நல்ல செய்தி ஏதாவது கையில் இருந்தால் சனிக்கிழமையே கொடுத்து வையுங்கள்.

பிரஸ் நோட் ஒரு பக்கம், அதிகபட்சம் 300 வார்த்தை. யார், என்ன, எங்கே, எப்போது, விலை என்ன என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும், ஏனென்றால் இடம் பற்றாதபோது கீழிருந்துதான் வெட்டுவார்கள். நிறுவனர் எங்கே படித்தார் என்பது கடைசிப் பத்திக்கு. ‘இந்தியாவிலேயே முதன்முறையாக’ என்று எழுத ஆசை வரும். நிருபர் தேடிப் பார்த்து, பக்கத்து மாவட்டத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தால், நோட்டில் உண்மையாக இருக்கிற மற்ற விவரங்களையும் நம்ப மாட்டார்.

நோட்டை மெயில் உடலிலேயே யூனிகோடு தமிழில் ஒட்டி அனுப்புங்கள். டி.டி.பி. சென்டரில் பழைய ஃபான்ட்டில் அடித்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால், காப்பி செய்யும்போது எழுத்தெல்லாம் சிதறி வரும். திரும்ப டைப் அடிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அடுத்த நோட்டை எடுத்துக்கொள்வார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சில் மங்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இரண்டு படம் போதும், ஒன்று படுக்கை வாட்டில், ஒன்று நெட்டு வாட்டில். வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கும் படத்தைவிட, தறியில் ஆள் வேலை செய்யும் படத்துக்கு இடம் கிடைக்கும். இருப்பவர்கள் பெயரை இன்ஷியலோடு இடமிருந்து வலமாக எழுதிக் கொடுங்கள். பெயர் தப்பாக வந்தால் திட்டு வாங்குவது நிருபர்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். சிறிய ஊர்களில் பகுதி நேர நிருபர்களில் பலருக்குச் சம்பளம் சொற்பம். விளம்பரம் பிடித்துத் தரும் கமிஷனும் அவர்கள் வருமானத்தில் சேர்த்தி. தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டு வருவார்கள். கொடுக்க முடிந்தால் கொடுங்கள், பில் வாங்குங்கள். ஆனால் அதை ஒரு செய்தியோடு முடிச்சுப் போடாதீர்கள். விளம்பரத்தைச் செய்தியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்பது இந்திய பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை. காசு கொடுத்து வந்த செய்தியை வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார் என்பது ஒரு பக்கம். அந்த நிருபருக்கு நீங்கள் இனி தகவல் தருகிற ஆள் இல்லை, காசு தருகிற பார்ட்டி, அவ்வளவுதான். கவரில் பணம் வைத்துக் கொடுப்பதும் அதே கதை.

நிருபர் என்று சொல்லிக்கொண்டு வந்து, ‘உங்க யூனிட் பற்றிப் புகார் வந்திருக்கு’ என்று மிரட்டிக் காசு பறிக்கிறவர்களும் உண்டு. பதற வேண்டாம். பத்திரிகையின் பெயரைக் கேட்டு, அது பதிவான தலைப்பா என்று பிரஸ் ரிஜிஸ்ட்ரார் ஜெனரலின் இணையதளத்தில் பாருங்கள். 2024 மார்ச் 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின்படி அந்தப் பதிவு அங்கேதான் நடக்கிறது. பதிவு இருந்தால் அலுவலகத்துக்கே போன் போட்டு ஆளை உறுதி செய்யுங்கள். இதை நல்ல நிருபர் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

செய்தி தப்பாக வந்துவிட்டால் ஆசிரியருக்கும் விளம்பர மேனேஜருக்கும் போன் போடுவதுதான் பலருக்கு முதலில் தோன்றுவது. விளம்பரத்தை நிறுத்திவிடுவேன் என்று ஒரு தடவை சொன்னால், அந்த அலுவலகத்தில் வருஷக்கணக்கில் அதை ஞாபகம் வைத்திருப்பார்கள். எழுதியவரிடமே பேசுங்கள். எந்த வரி, எது சரியான எண், அதற்கு ஆதாரம் என்ன என்பதை ஒரே மெசேஜில் அனுப்பினால் இணையத்தில் அன்றே திருத்துவார், அச்சில் திருத்தம் போட முடியுமா என்று டெஸ்க்கிடம் கேட்பார். அச்சாகும் முன் செய்தியைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எண்களை ஒருமுறை சரிபார்க்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்’ என்று சொன்னால் தாராளமாகக் கூப்பிடுவார்.

‘இது எழுத வேண்டாம்’ என்பதை, விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எல்லாம் கொட்டிவிட்டு, கடைசியில் ‘இதையெல்லாம் போட்றாதீங்க’ என்றால் அவர் கட்டுப்பட வேண்டிய அவசியமில்லை.

இத்தனை நாள் பழக்கம் எதற்கு என்பது குடோனில் தீப்பிடித்த அன்று தெரியும். பலர் அன்றைக்குப் போனை அணைத்துவிடுகிறார்கள். நிருபர் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்பார், அவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார், அதுவே செய்தியாகிவிடும். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, உள்ளே எத்தனை பேர், யாரை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். ‘ஆறு மணிக்குள் விசாரித்துச் சொல்கிறேன்’ என்றால், சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆறு மணிக்கு நீங்களே கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள்.