ஒன்பது பேர் சொன்னதோடு முடியவில்லை

ப்ராபர்ட்டி டாக்ஸ் பில் வந்துவிட்டது. டெக்சாஸில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஜனவரி 31க்குள் கட்டியாக வேண்டும். அந்தத் தாளில் இருக்கிற தொகைகளில் பெரியது, பகுதிப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போவதுதான். அதைப் பார்த்துவிட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் எழுதினார்: "இதுல ஒரு பங்கு வேற ஊர் ஸ்கூலுக்குப் போகுதாம். ராபின் ஹூட்னு பேராம். யாராவது சுப்ரீம் கோர்ட்ல கேஸ் போட்டா ஒரே நாள்ல தூக்கிருவாங்க."

அவருக்கு அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அந்த ராபின் ஹூட் ஏற்பாடே, அமெரிக்க உச்ச நீதிமன்றம் "எங்களால் ஆகாது" என்று கைவிட்ட பிறகு வந்ததுதான்.

சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்று ஒரு பள்ளி வட்டாரம். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்த ஏழைப் பகுதி. 1968 மே மாதம் அங்கே மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். கட்டடம் சரியில்லை, தகுதியுள்ள ஆசிரியர்கள் போதவில்லை என்பது அவர்கள் குறை. அதே வருடம் விமானப்படைத் தளத்தில் தகடு வேலை பார்த்துவந்த டிமெட்ரியோ ரோட்ரிகெஸ், மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து ஃபெடரல், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

அந்த வழக்கில் வந்த கணக்கை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் நூறு டாலருக்கு 1.05 டாலர் பள்ளி வரி கட்டினார்கள். அதே ஊரின் வசதியான பகுதியான அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். ஆனால் அந்த வரியிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். கூடுதல் விகிதத்தில் வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்கூடம். வீட்டு விலை குறைவு என்பதைத் தவிர அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதைப் புரட்டிப்போட்டது. தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல். கல்வி என்ற சொல்லே அமெரிக்க அரசியலமைப்பில் இல்லை, ஆகவே அது அந்தச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை ஆகாது என்பது சாரம்.

சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்த நம் மனசுக்கு இதோடு கதை முடிந்துவிட்டது. உயர் நீதிமன்றத்துக்கு மேலே டெல்லி, டெல்லிக்கு மேலே யாருமில்லை. தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய சட்டத்துக்கும் கடைசி அர்த்தம் டெல்லியில்தான் முடிவாகும். ஒரே ஏணி.

இங்கே ஏணி இரண்டு. ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனியாக ஓர் அரசியலமைப்புச் சட்டம் உண்டு. அதற்குக் கடைசியாக அர்த்தம் சொல்பவர் அந்தந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம். வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேர் அதில் கைவைக்க முடியாது. 1875-லேயே அவர்கள் தாங்களாகவே ஒப்புக்கொண்ட விஷயம் இது. மாநிலத் தீர்ப்பில் ஃபெடரல் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வி இருந்தால் மட்டும்தான் அவர்களிடம் போகலாம். அதையும் எடுத்துக்கொள்வதா என்பது அவர்கள் விருப்பம். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் போகின்றன, அறுபது எழுபதைத்தான் முழுதாக விசாரிக்கிறார்கள். மாநில நீதிமன்றம் தன் சொந்த அரசியலமைப்பை மட்டுமே ஆதாரமாக வைத்துத் தீர்ப்பு எழுதி, அதைத் தெளிவாகச் சொல்லியும்விட்டால், மேலே போக வழியே இல்லை. அமெரிக்க அரசியலமைப்பு கொடுத்த உரிமையை மாநிலம் குறைக்க முடியாது. கூட்டிக் கொடுக்கலாம்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு மாநிலச் சட்டத்தின் பொருள் புரியாமல் ஃபெடரல் நீதிபதி திணறினால், பல மாநிலங்களில் அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கே கேள்வியை எழுதி அனுப்பி, "இதற்கு என்ன அர்த்தம், நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

எட்ஜ்வுட்டுக்கு வருகிறேன். 1973 தீர்ப்பை எதிர்த்து எழுதிய நால்வரில் ஒருவர் தர்குட் மார்ஷல். அவர் தன் அடிக்குறிப்பு ஒன்றில், மாநில அரசியலமைப்பை வைத்து இதே கேள்வியை எழுப்ப இந்தத் தீர்ப்பு தடையில்லை என்று எழுதிவைத்தார். பதின்மூன்றே நாளில், ஏப்ரல் 3 அன்று, நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தன் மாநிலத்தின் பள்ளி நிதி முறை தன் மாநில அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. டெக்சாஸில் அந்தக் கதவைத் தட்ட 1984 ஆனது. இந்த முறை வழக்கு மாநில நீதிமன்றத்தில். 1876-ல் எழுதிய டெக்சாஸ் அரசியலமைப்பில் கல்வி என்ற சொல் இருக்கிறது. திறம்பட நடக்கும் இலவசப் பொதுப் பள்ளிகளை ஏற்படுத்துவது சட்டமன்றத்தின் கடமை என்றே இருக்கிறது. 1989 அக்டோபர் 2 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்றார்கள். பணக்கார வட்டாரத்தில் ஒரு மாணவருக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் சொத்து, ஏழை வட்டாரத்தில் 20,000 டாலர், அதாவது 700-க்கு 1. இதைத் திறம்பட்டது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். சட்டமன்றம் கொண்டுவந்த மாற்றங்களையும் இருமுறை ரத்து செய்தார்கள். பணக்கார வட்டாரங்களின் பள்ளி வரியில் ஒரு பங்கை ஏழை வட்டாரங்களுக்குத் திருப்பிவிட 1993-ல் வந்த சட்டம்தான் 1995-ல் நீதிமன்றத்தில் நிலைத்தது. நண்பரே, உங்கள் பில்லில் இருக்கும் ராபின் ஹூட் அதுதான்.

ரோட்ரிகெஸ் வழக்குத் தொடுத்து இருபத்தொரு வருடம். அவர் பிள்ளைகள் அதற்குள் பள்ளி வயதைத் தாண்டிவிட்டார்கள்.

மாநில நீதிமன்றம் என்றாலே நல்லது நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அதே டெக்சாஸ் நீதிமன்றம் 2016-ல், இன்றைய பள்ளி நிதி முறையில் குறை இருக்கிறது, ஆனால் அரசியலமைப்பு கேட்கும் குறைந்தபட்சத்துக்கு இது போதும் என்று ஒதுங்கிக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வட கரோலினாவில் நடந்தது இன்னும் மோசம். கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லை வரைவதை ஃபெடரல் நீதிமன்றங்கள் தடுக்க முடியாது என்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2022 பிப்ரவரியில் வட கரோலினா உச்ச நீதிமன்றம், எங்கள் மாநிலச் சட்டப்படி தடுக்கலாம் என்றது. நவம்பரில் நீதிபதி தேர்தல், இரண்டு இடங்கள் கட்சி மாறின. 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அதே வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்புச் சொன்னது. இடையில் அரசியலமைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஆமாம், தேர்தல். வாஷிங்டனில் அதிபர் நியமித்து செனட் ஒப்புக்கொண்டால் ஆயுள் முழுக்கப் பதவி. டெக்சாஸில் ஒன்பது பேரும் கட்சிப் பெயரோடு நின்று, மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கி, ஆறு வருடத்துக்கு வருகிறார்கள். நீதிபதி ஓட்டுக் கேட்டு வருவதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. நன்கொடை கொடுத்தவரின் வழக்கு நாளை அவர் முன்னால் வந்து நிற்குமே. ஆனால் முறை மாறும் வரை இதுதான் முறை.

குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போட்டபோது அதிபர், செனட் என்று குறித்துவிட்டு, நீதிபதிகள் பட்டியல் வந்ததும் யாரையும் தெரியவில்லை என்று காலியாக விட்டுவிட்டு வந்தேன். எட்ஜ்வுட் கதையை அதற்குப் பிறகுதான் படித்தேன். இன்றும் அது உறுத்துகிறது. 2020 முதல் டெக்சாஸில் ஒரே தேர்வில் கட்சி முழுவதற்கும் ஓட்டுப் போடும் வசதியும் இல்லை; ஒவ்வொரு பெயராகக் குறித்தால்தான் உண்டு. அடுத்த தேர்தலுக்கு முன்னால், டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்துக்கு நிற்பவர்கள் யார், பள்ளி நிதி வழக்குகளில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தமிழில் தொகுக்கப் போகிறேன். உதவ நேரம் இருப்பவர்கள் கீழே சொல்லுங்கள்.