‘மூலபாஷையில அப்படித்தான் கிடக்கு’

ஓரினச்சேர்க்கைக்கு எதிராக ஒரு பாஸ்டர் பிரசங்கித்த அந்த வீடியோவைத் திரும்ப இங்கே போடப்போவதில்லை. மூன்று நாளாக எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் சுத்துது, பார்த்திருப்பீர்கள். அவர் எடுத்த நிலைப்பாட்டோடு எனக்குச் சண்டையில்லை. ஓரினச்சேர்க்கை பாவம் என்று அவர் நம்பினால் நம்பட்டும், சபைகள் காலங்காலமாக அப்படித்தான் போதித்து வந்திருக்கின்றன. எனக்குப் பத்தி எரிந்தது ஒரேயொரு வரியில்: “மூலபாஷையில ஓரினச்சேர்க்கைக்காரர் எண்டுதான் கிடக்கு. நான் சொல்லேல்ல, கிரேக்கம் சொல்லுது.”

இல்லை ஐயா. கிரேக்கம் அப்படிச் சொல்லவே இல்லை.

அவர் எடுத்த வசனம் 1 கொரிந்தியர் 6:9, தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களின் பட்டியல். அதில் அப்போஸ்தலன் பவுல் கிரேக்கத்தில் போட்டது இரண்டு சொல். மலகோய், ஆர்செனோகொய்தாய். முதற்சொல்லின் நேர்ப்பொருள் மென்மையானவர்கள், அவ்வளவுதான். மத்தேயு 11:8இல் ‘மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ?’ என்று இயேசு கேட்கிறாரே, அந்த ‘மெல்லிய’ இதே சொல்தான். துணிக்குச் சொன்னால் மெல்லிசு. ஆளுக்குச் சொன்னால் வசை: சொகுசுக்காரன், அடக்கமில்லாதவன், பெண்தன்மைக்காரன், இன்னொரு ஆணுக்கு உடன்படுகிறவன் என்று எதற்கும் பாயும். 1871இல் வந்த நம்முடைய பழைய தமிழ் வேதாகமத் திருப்புதல் அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று விரித்துப் பாருங்கள். சுயபுணர்ச்சிக்காரர்! அந்தச் சொல் வந்தபோது மட்டும் பாஸ்டரின் குரல் இறங்கி, அடுத்த சொல்லுக்குத் தாவினதைக் கவனித்தீர்களோ தெரியாது.

இரண்டாவது சொல்லில் ஆர்சென் என்றால் ஆண், கொய்தே என்றால் படுக்கை. பவுலுக்கு முந்திய எழுத்துகளில் ஐயமறக் கிடைக்காத சொல் இது. லேவியராகமம் 20:13இன் கிரேக்க மொழிபெயர்ப்பில், எழுபதின்மர் பதிப்பில், இந்த இரண்டு பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அங்கிருந்துதான் பவுல் ஒட்டியெடுத்தார் என்பது வலுவான வாதம். மரபுப் பக்கம் நிற்கிற வேதாகம அறிஞர் ராபர்ட் கேக்னன் இதைத்தான் இறுக்கிப் பிடிக்கிறார். பாஸ்டர் அதை எடுத்து வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பழைய திருப்புதலின் ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்பதும் மோசமான மொழிபெயர்ப்பு இல்லை, ஒரு செயலைச் சொல்லுகிறது. 1 தீமோத்தேயு 1:10இல் இதே சொல்லுக்கு அடுத்து மனுஷரைத் திருடுகிறவர்கள் வருவதால் ஆளை விற்கிற தொழிலோடு இதற்குத் தொடர்பு உண்டென்பவர்களும் இருக்கிறார்கள். அது அவ்வளவு உறுதியாக எனக்குப் படவில்லை.

ஆனால் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று ஒரு வகை மனிதரைக் குறிக்கிற சொல்? அதற்குத் தாயான ஜெர்மன் சொல் அச்சில் வந்ததே 1869இல். ஆங்கில வேதாகமத்துக்குள் அது நுழைந்தது 1946இல், ஆர்.எஸ்.வி. (ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) பதிப்பில். பவுலின் இரண்டு சொல்லையும் ஒன்றாக உருக்கி அந்த ஒரே சொல்லாகப் போட்டார்கள். 1971 திருத்தத்தில் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். நம்முடைய ஆட்கள் அந்த 1946ஐத்தான் ‘மூலபாஷை’ என்று கைபேசியில் வாசிக்கிறார்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இது யாழ்ப்பாணம். பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைச் சொல்லுச் சொல்லாக நிறுத்துத் தமிழில் போட்டவர் ஆறுமுக நாவலர். சைவத்துக்காகக் கிறிஸ்தவத்தோடு மல்லுக்கட்டின மனிசன். தான் நம்பாத புத்தகத்தில் ஒரு சொல் பிசகக்கூடாதென்று அவர் பட்ட பாட்டில் காற்பங்கை, நம்புகிறவர் படக்கூடாதோ?

சரி, வருவீர்கள், தெரியும். “சொல் புதுசெண்டால் காரியமும் புதுசோ?” இல்லை. அந்தக் காரியத்தைக் கண்டிக்கிற லேவியராகமம் 18:22 இருக்கிறது, ரோமர் 1:26-27 இருக்கிறது, நான் கிழித்தெறியவில்லை. ஆனால் ரோமர் 1ஐ முழங்குகிறவர் பக்கத்தைத் திருப்பி 2:1ஐயும் வாசிக்க வேண்டும்: ‘போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை’. கூட்டத்தைத் தலையாட்ட வைத்துவிட்டு அங்கேதான் பவுல் பிடரியில் அடிக்கிறார். 1:26இல் வருகிற ‘சுபாவத்துக்கு விரோதமான’ என்ற சொற்றொடரை 11:24இல் காட்டொலிவ மரத்தைத் தேவன் ஒட்டுகிற செயலுக்கும் அவர் போடுகிறார். அங்கே அது கிருபை. இதால் 1:26 அழிந்துவிடாது, ஆனால் அந்தச் சொற்றொடரை மட்டும் வைத்து ஆளை அடிக்க ஏலாது.

மற்றப் பக்கத்து நண்பர்களுக்கும் ஒன்று. “றாலும் நண்டும் கூடத்தான் அருவருப்பு, நீங்க அதுகள் போட்ட கூழ் குடிக்கேல்லையோ” என்று கொமென்ட் போடாதேங்கோ. லேவியராகமம் 11இல் இருக்கிற எபிரெயச் சொல் செகெட்ஸ், 18:22இல் தொஏவா. தமிழில் இரண்டும் அருவருப்பாகிவிட்டது. சாப்பாட்டுச் சட்டத்தை அப்போஸ்தலர் 10 வேறு தளர்த்திவிட்டது. தொஏவா வேண்டுமென்றால் நீதிமொழிகள் 11:1ஐ எடுங்கள், கள்ளத்தராசு. சந்தையில் தோட்டக்காரனிடம் ‘கழிவு’ என்று நிறையில் வெட்டுகிறார்களே, அதைப் பற்றி ஒரு லெந்துக் (தவக்காலக்) கூட்டம் நடந்ததா?

விருந்தாளிகளாக வந்த ஆண்களைக் கேட்டு ஒரு கூட்டம் கதவை முற்றுகையிட்டதே, அந்தச் சோதோம் பட்டணத்தை வேண்டாம் என்றாலும் இழுப்பீர்கள். எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமத்தைப் பட்டியல் போடுகிறது: கெர்வம், ஆகாரத்திரட்சி, எளியவனுடைய கையைப் பலப்படுத்தாமை. அடுத்த வசனத்தில் அருவருப்பும் வருகிறது, மறைக்கவில்லை. நியாயாதிபதிகள் 19இல் கிபியாவில் அதே மாதிரிக் கூட்டம் கதவைத் தட்டி, கடைசியில் ஒரு பெண்ணை விடியும்வரை சீரழித்தது. அதை வைத்து ஆண்-பெண் உறவே பாவமென்று எவராவது பிரசங்கித்ததுண்டா?

“எங்கட கலாசாரம்” என்றும் ஒரு வசனம் விட்டார். ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்குகிற 365, 365ஏ பிரிவுகள் இருக்கிற இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் தந்தது. அதை மாற்ற வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லையென்று 2023 மேயில் உயர் நீதிமன்றம் சொன்னது. விக்டோரியா மகாராணியின் கலாசாரம் நம்முடையதானது எப்போது?

அவர் 6:9ஓடு நிறுத்திக்கொண்டார். அதே மூச்சில் 6:10 போகிறது: பொருளாசைக்காரர், வெறியர், உதாசினர். உதாசினர் என்றால் வாயால் மற்றவனை வைது நாறடிக்கிறவர். மைக்கில் அரைமணி நேரம் நடந்தது அதுதானே? பொருளாசை வந்திருந்தால் சீதனம் பேச வேண்டி வரும். காணியும் வீடும் நகையும் பேசி முடித்த கலியாணத்தை ஆசீர்வதிக்கிறவர்கள் அந்தப் பந்தியில் கை வைக்க மாட்டார்கள்.

வீடியோவில் 38ஆவது நிமிடம் பின்வரிசையில் ஒரு அம்மா எழும்புகிறா. பையை எடுக்கிறா, செருப்பைத் தேடுகிறா, வெளியே போகிறா. கமெரா திரும்பவில்லை, பாஸ்டரும் பார்க்கவில்லை. அவ ஏன் போனா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கலாம். ஆனால் அவவுடைய பிள்ளை எங்கேயோ கொழும்பிலோ கனடாவிலோ வீட்டுக்கு வராமல் இருந்தால், அவ கேட்டுக்கொண்டு போனது கிரேக்கம் சொல்லாத ஒரு சொல்லை.

“நீயும் அந்தக் கூட்டமோ” என்று ஏற்கனவே கேட்டாயிற்று. பதில் சொல்லப்போவதில்லை. கேட்டவர் அகராதியைத் திறந்து பார்த்தாரோ என்பதுதான் என் கேள்வி. இரண்டு பேர் இன்பொக்ஸில் “சகோதரா, உங்களுக்காக ஜெபிக்கிறோம்” என்று போட்டிருக்கிறார்கள். ஜெபியுங்கோ. போகிற போக்கில் மத்தேயு 11:8ஐயும் ஒருக்கா விரிச்சுப் பாருங்கோ.