ஊசித்துளைக்கு ஒரு முழு டேங்க்கா?

மூன்று நாள்களாக வாசலில் பெட்ரோல் நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் விடியலில் கோலம் போடப் போன என் மனைவிதான், என் பைக்குக்கு அடியில் சிமெண்டுத் தரை உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னை எழுப்பினார். சீட்டைக் கழற்றி டேங்க்கின் அடிவிளிம்பில் விரலை ஓட்டினேன். பின்பக்கத் தாழ்ந்த மூலையில், இரண்டு தகடுகளும் சேரும் மடிப்பில், பெயிண்ட் கொப்பளித்திருந்த ஓரிடம் நகம் பட்டதும் செதிலாக உதிர்ந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு சொட்டு மெல்லத் திரண்டு, ஓடும்போது கொதிக்கும் எஞ்சினுக்கு நேர் மேலே தொங்கியது. ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு முப்பது கிலோமீட்டர் இந்த வண்டியில்தான் போய் வருகிறேன். என் மகள் சிறியவளாக இருந்தபோது இதே டேங்க்கின் மேல் உட்கார்ந்துதான் வந்தாள். அந்தச் சொட்டைப் பார்த்த நிமிடத்தில் வந்த நடுக்கம் அடங்கிய பிறகு வந்த கோபம், இன்னும் எனக்கு அடங்கவில்லை.

பார் சோப்பைத் தேய்த்துத் துளையை அடைத்தேன். சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் ஊர்ப்பக்கம் எல்லோரும் செய்கிற அவசர வைத்தியம் அது. ஓரிரு நாள் தாங்கும், அதற்கு மேல் நம்பக் கூடாது. மறுநாள் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குப் போனால், அங்கிருந்தவர் குனிந்துகூடப் பார்க்காமல், "டேங்க்கை மாத்தித்தான் ஆகணும் சார், வெல்டிங் வச்சுப் பத்த வைக்கிறதெல்லாம் நாங்க பண்றதில்ல" என்றார். பெயிண்ட் அடிக்காத வெறும் டேங்க்கைக் கொடுங்கள், நான் இங்கேயே பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன் என்றேன். பெயிண்டும் ஸ்டிக்கரும் சேர்ந்த முழு டேங்க் மட்டுமே வருமாம். விலை 6,400 ரூபாய். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். வருவதற்கு நாற்பது நாள் ஆகலாம். என் வண்டியின் சிவப்பு நிறுத்தப்பட்டுவிட்டதால் கறுப்பு வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் நிறம் சிவப்பு என்று பதிவாகியிருக்கிறதே என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. காப்பீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். துரு என்பது தேய்மானம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்; விபத்தில் நசுங்கியிருந்தாலும், ஐந்து ஆண்டுகளைக் கடந்து பத்தைத் தாண்டாத வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 விழுக்காட்டைக் கழித்த பிறகுதான் கணக்கே தொடங்கும்.

என் ஆற்றாமை பணத்தைப் பற்றியது மட்டும் அன்று. எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர், டேங்க்கைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூடியைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் ஒரு சின்னத் துளையைக் காட்டினார். மழைநீரோ கழுவும் நீரோ மூடியைச் சுற்றித் தேங்கினால், அது டேங்க்குக்குள் இறங்காமல் தனிக் குழாய் வழியே தரைக்குப் போவதற்காக வைத்த வடிகால் அது. அதற்குள் அவர் கம்பியை விட்டுக் குத்தியதும், செம்மண்ணும் பாலிஷ் மாவும் இறுகிப்போன குச்சி ஒன்று விரல்கடை நீளத்துக்கு வெளியே வந்து விழுந்தது. வடிகால் அடைபட்டால் தண்ணீர் மூடியின் ரப்பரைத் தாண்டி உள்ளே கசியும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் நேராக அடிக்குப் போய், டேங்க்கின் மிகத் தாழ்ந்த மூலையில் மாதக்கணக்கில் தங்கி, உள்ளேயிருந்தே தகட்டைத் தின்னும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பழைய ரசீதுகளை எடுத்து எண்ணினேன். இருபத்து மூன்று ரசீதுகள். ஒவ்வொன்றிலும் ஜெனரல் சர்வீஸ், வாட்டர் வாஷ், பாலிஷ் என்று மூன்று வரிகள் தவறாமல் இருக்கின்றன. அந்தத் துளையை ஒரு முறையாவது கம்பி விட்டுச் சுத்தம் செய்ததற்கு ஒரு வரிகூட இல்லை. அரை நிமிட வேலை, ஒரு துண்டுக் கம்பி, அவ்வளவுதான். அதைச் செய்யாமல், அடைபட்ட வடிகாலின் மேல் இருபத்து மூன்று முறை பம்பு வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, அதற்கும் என்னிடமே காசு வாங்கியிருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

இதில், பெட்ரோலோடு கலக்கிற ஆல்கஹாலான எத்தனாலின் பங்கு எவ்வளவு என்று பலர் கேட்டார்கள். பெட்ரோலில் 2022 ஜூனில் 10 விழுக்காட்டை எட்டிய எத்தனால் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டைத் தொட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதும், அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும் என்பதும் உண்மை. ஆனாலும் என் டேங்க்கின் ஓட்டைக்கு அதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள யாரையும் விட மாட்டேன். முதலில் தண்ணீர் உள்ளே போனது அந்த வடிகால் அடைத்துக்கொண்டதால்தான்.

துளையைப் பற்ற வைத்தாவது விடலாம் என்று நான்கு ரோட்டுக்கு அருகில் ஒரு வெல்டிங் கடைக்கு டேங்க்கை எடுத்துப் போனேன். பத்தொன்பது வயதைத் தாண்டாத ஒரு தம்பி, கண்ணாடிகூட இல்லாமல், டேங்க்கை இரண்டு முறை அலசிக் கவிழ்த்துவிட்டுக் கேஸ் வெல்டிங் குழாயைக் கையில் எடுத்தார். மூடியருகே முகத்தைக் கொண்டுபோனால் இன்னமும் பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறியில் வெடித்துவிடும், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மூலைகளில் படிந்து கிடக்கும். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, பற்ற வைக்கும் இடத்தை மட்டும் மேலே விட்டு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன். "தினமும் பண்றதுதாங்க சார், ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தார். முதலாளி உள்ளேயிருந்து தலையை நீட்டி, சீக்கிரம் முடி என்றார். முந்நூறு ரூபாய் வேலைக்காக அந்தப் பிள்ளையின் முகத்தைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை; டேங்க்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சோப்புத்தூள் கலந்த சுடுநீரில் பல முறை அலசி, உள்ளே நீர் நிரப்பி, பித்தளை வைத்துப் பற்ற வைத்து, துருவை அமிலத்தால் அகற்றி, உட்பக்கம் பூச்சு ஓட்டி, காற்றடைத்துச் சோப்பு நீரில் கசிவு பார்ப்பது ஒன்றும் விண்வெளி வித்தையன்று. பெங்களூரில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறைகளில் இதைச் செய்கிறார்கள். தருமபுரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஓசூர் இருக்கிறது. இரு சக்கர வாகனங்களும், அவற்றுக்கான தகட்டுப் பாகங்களும் அங்கே நாள்தோறும் உருவாகின்றன. என் வண்டி அங்கே செய்யப்பட்டதன்று என்றாலும், இவ்வளவு தொழில் தெரிந்த கைகள் பக்கத்தில் இருக்கும் ஊரில், ஓர் ஊசித்துளையை முறையாக அடைத்துத் தர ஆளில்லை என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? வண்டியை விற்கிறவர்கள் சர்வீஸ் சென்டரிலேயே இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்து தர வேண்டும். முடியாதென்றால் பெயிண்ட் இல்லாத வெறும் டேங்க்கையாவது கடையில் இருப்பு வைக்க வேண்டும். சர்வீஸ் அட்டையில் வடிகால் துளைக்கென ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டும்.

வேறு வழியின்றி 6,400 ரூபாயைக் கட்டி இன்றோடு முப்பத்தெட்டு நாள் ஆகிறது. டேங்க் இருந்த இடத்தில் மகளின் பழைய மழைக்கோட்டைப் போர்த்தி வண்டியைத் திண்ணையோரம் நிறுத்திவிட்டு, காலை ஏழு மணிப் பேருந்தில் இண்டூர் வரை நின்றுகொண்டே போகிறேன். இன்று காலையிலும் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். வந்ததும் அவர்களே கூப்பிடுவார்களாம்.