ஒரே ஒரு வட்டை அனுப்பிவிட்டு இடத்தைக் கூட்டச் சொல்கிறார்கள்

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தில் எச்பி-யூஎக்ஸ் (எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளம்) ஓடும் சர்வரைப் பராமரிப்பது என் வேலை. பழ லோரிகளின் எடைக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு இருக்கும் லாஜிக்கல் வால்யூம் (வட்டுகளிலிருந்து ஒதுக்கிய சேமிப்பிடம்) மிரர் செய்யப்பட்டது என்பதையும், அதில் எழுதும் ஒவ்வொன்றும் இரண்டு வட்டுகளில் பதிவாகிறது என்பதையும் தலைமையகத்துக்கு எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. 8 ஜிபி கூட்ட வேண்டும், இரண்டு வட்டுகள் தேவை என்று போன மாதம் கேட்டேன். வந்தது ஒன்று.

"18 ஜிபி வட்டுதானே, எட்டும் எட்டும் பதினாறு, மீதிகூட இருக்குமே" என்று தொலைபேசியில் எனக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்கிறார்கள். வயிறு எரிகிறது. வட்டு இடம் எக்ஸ்டெண்ட் என்ற துண்டுகளாகத்தான் ஒதுக்கப்படும், எங்கள் சர்வரில் ஒரு எக்ஸ்டெண்ட் 4 எம்பி. 8 ஜிபிக்கு 2,048 எக்ஸ்டெண்ட், இரு பிரதிகளுக்கும் சேர்த்து 4,096. விஜிடிஸ்ப்ளே கட்டளை 4,300க்கும் மேல் காலியாக இருப்பதாகக் காட்டுகிறது. ஆனாலும் வால்யூமை நீட்டும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளை இடம் போதவில்லை என்று மறுக்கிறது. அந்த எண், எல்லா வட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்த வால்யூம் குரூப் முழுவதற்குமான மொத்தம். காலியிடமோ புதிய வட்டு ஒன்றில் மட்டுமே கிடக்கிறது. இரு பிரதிகளும் ஒரே வட்டில் அமர ஸ்ட்ரிக்ட் விதி இடம்கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. அந்த வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தல்லவா போகும்?

அதற்கு அவர்கள் சொன்ன வழியைக் கேட்டபோதுதான் என் பொறுமை போயிற்று: மிரரைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டுமாம். எல்விரெட்யூஸ் கட்டளையில் கூடுதல் பிரதிகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க ஒரு நிமிடம் போதும், ஆனால் சிறுதோட்டக்காரர்கள் ஒரு மாதம் வெட்டிக் கொண்டுவந்த பழத்தின் கூலிக் கணக்கை ஒற்றை வட்டை நம்பி விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை, எழுத்தில் உத்தரவு தந்தாலும் செய்யமாட்டேன்.

போன வருடம் வந்த ஒப்பந்தக்காரர் வால்யூமை மட்டும் நீட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இடத்தின் அளவைக் காட்டும் பிடிஎஃப் (bdf) கட்டளையைப் போட்டுப் பார்த்தால் பழைய அளவே இருந்தது, ஏனென்றால் வால்யூம் வளர்ந்தாலும் அதன்மேல் கோப்புகளை அடுக்கிவைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம் தானாக வளராது. ஆன்லைன் ஜேஎஃப்எஸ் உரிமம் இருந்திருந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஃப்எஸ்ஏடிஎம் கட்டளையால் நீட்டியிருக்கலாம். அதையும் எங்களுக்கு வாங்கித் தரவில்லை. ஆகவே எடைமேடையை நிறுத்தி, ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி), எக்ஸ்டெண்ட்எஃப்எஸ் கட்டளையை ஓட்டி, மறுபடி மவுண்ட் செய்ய வேண்டியிருந்தது. யாரோ திறந்துவைத்திருந்த ஒரு கோப்பினால் அன்மவுண்ட் ஆகாமல், ஃபியூசர் கட்டளையால் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வாசலில் பதினோரு லோரிகள் நின்றுவிட்டன. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடாவிட்டால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறி விலை குறையும். "தம்பி, பழம் வெயில்ல காயுது, எடை போடுவீங்களா மாட்டீங்களா?" என்று சன்னலைத் தட்டிய லோரிக்கார அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இரண்டாவது வட்டு இன்னும் வரவில்லை. ஃபைல் சிஸ்டம் 97 சதவீதம் நிரம்பியிருக்கிறது. இன்று காலையும் பழைய எடைச்சீட்டுக் கோப்புகளை டேப்பில் ஏற்றி, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அதன் பிறகே ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன்.