ஒரு மாதச் சந்தா கட்டினால் பழைய பாட்டும் நமக்கா?

கடலூரில் கல்யாண வீடியோ எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், கட்டளை எழுதினால் பாட்டு உருவாக்கித் தரும் ஏஐ செயலியான சூனோ (Suno) பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது: "சூனோவில் இலவசமாகப் பாட்டு போட்டு வையுங்கள், ஆர்டர் வந்ததும் ஒரு மாதச் சந்தா கட்டினால் பழைய பாட்டுக்கும் வியாபார உரிமை வந்துவிடும்."

தவறு. இலவசக் கணக்கில் உருவாக்கிய பாட்டைக் காசுக்குப் பயன்படுத்தக் கூடாது. பிறகு சந்தா கட்டினாலும் உரிமை முன்தேதியிட்டு வராது என்று சூனோவே சொல்கிறது. சந்தா நடப்பில் இருக்கும்போது உருவாக்கியதற்குத்தான் அந்த உரிமை. சந்தாவை நிறுத்தினாலும் அது போகாது. ஆகவே, மஞ்சக்குப்பம் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு மெட்டு கேட்டால் முதலில் சந்தா, அப்புறம் பாட்டு. சும்மா போட்டுப் பார்க்க இலவசமே தாராளம்.

இன்னொன்று, வியாபார உரிமை வேறு, பதிப்புரிமை வேறு. வெறும் கட்டளை எழுதி வரவழைத்த இசைக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது.